மூங்கில் ஆற்று எலும்புகள்

தோட்டத்து மருந்துப் பெட்டி – வரலாற்றுத் தொடர் – 17

தொழுநோய் முற்றிய ஒருவரின் கையை எக்ஸ்ரே எடுத்தால் விரலெலும்பு விநோதமான வடிவில் தெரியும். அடியில் பருத்து, நுனிக்குப் போகப்போக இளைத்து, கடைசியில் ஊசிமுனையாக முடியும். எக்ஸ்ரே மருத்துவர்கள் இதற்கு வைத்த பெயர் 'சூப்பிய மிட்டாய்'. குழந்தை சப்பிச் சப்பிக் கூராக்கிய மிட்டாய்க் குச்சி மாதிரியேதான் இருக்கும். முறிந்த தடம் கிடையாது, உதிர்ந்த துண்டும் கிடையாது. எலும்பு இருந்த இடத்தில் எலும்பு இல்லை, அவ்வளவுதான்.

எங்கே போனது? சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான கைகள் இந்தக் கேள்வியோடுதான் மடியில் கிடந்தன. விடை அங்கே கிடைக்கவில்லை. ஒரே இடத்திலும் கிடைக்கவில்லை. கொஞ்சம் வேலூரில், கொஞ்சம் மாஸ்கோவில், கொஞ்சம் பிரான்சின் லியோன் நகரில், கொஞ்சம் ஜப்பானில் என்று சில்லறையாகச் சேர்ந்தது. சேர்ந்து முடிவதற்குள் சுங்கை பூலோவின் கிழக்குப் பகுதியையே இடித்துவிட்டார்கள். அந்தக் கதைதான் இந்த இதழில்.

சென்ற இதழைச் செதாப்பாக் முகாமின் வாசலில் நிறுத்தியிருந்தேன். கோலாலம்பூரின் ஓரத்தில் நோயாளிகளைக் கைதிகளைப் போல் அடைத்து வைத்திருந்த இடம் அது. சிலாங்கூரின் அரசு மருத்துவராக இருந்த டாக்டர் எர்னஸ்ட் டிராவர்ஸ், 1920களில் அந்த முகாமைப் பார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொண்டார். அடைத்து வைப்பதால் நோயாளி ஒளிந்துகொள்வான். வீடும் வேலையும் வைத்தியமும் கொடுத்தால் தானே வருவான் என்பது அவர் கட்சி. அரசாங்கத்தின் கட்சி வேறு. 1926ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளியைப் பிடித்துத் தனியே வைப்பதைக் கட்டாயமாக்கியது. இந்த இரண்டு கட்சிக்கும் பிறந்த பிள்ளைதான் 1930இல் திறந்த சுங்கை பூலோ குடியிருப்பு. ஆகவே அதற்கு இரண்டு முகம். ஒரு பக்கம் பார்த்தால் தோட்ட நகரம். 562 ஏக்கர் பள்ளத்தாக்கில் சிறுசிறு வீடுகள், கோயில், மசூதி, தேவாலயம், பள்ளிக்கூடம், கடைகள். மறுபக்கம் பார்த்தால் வேலி, காவல், உள்ளேயே ஒரு சிறைச்சாலை. அங்கே மட்டும் செல்லுபடியாகும் தனிப்பணம்கூட ஒரு காலத்தில் இருந்தது. ஊருக்குள் புழங்கும் நோட்டை இவர்கள் கை தொடக்கூடாதாம்.

'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்ற பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. பெயரில் பொய் இல்லை. ஆனால் உள்ளே பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வெளியே தத்துக் கொடுத்ததும் இதே பள்ளத்தாக்கில்தான்.

நம்மவர்கள் அங்கே போய்ச் சேர்ந்த வழி பெரும்பாலும் ஒன்றுதான். தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் நிற்கும் ஆளின் முதுகிலோ முழங்கையிலோ ஒரு தேமல். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸ்ஸர் கூப்பிட்டு ஊசியால் குத்திப் பார்ப்பார். குத்தியது தெரியவில்லை என்று ஆள் சொன்ன அன்றே தோட்டத்து வாழ்க்கை முடிந்தது. ஊசி குத்தியும் வலிக்காத அந்தச் சின்ன இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த இதழின் கடைசிப் பகுதியில் அது திரும்ப வரும்.

ஒரு கட்டத்தில் 2,400 பேருக்கும் மேல் இங்கே வாழ்ந்தார்கள். மருந்து என்று முதலில் இருந்தது மரவட்டை எண்ணெய் வகையைச் சேர்ந்த ஊசி. புட்டத்தில் போட்டால் கட்டி கட்டியாக வீங்கும், பலன் அரைகுறை. போருக்குப் பிறகு டாப்சோன் வந்தது. எண்ணெயில் கலந்த அந்த மருந்தை முற்றிய நோயாளிகளுக்குப் போட்டுப் பார்த்த முடிவுகளை 1949இல் வெளியிட்டவர்கள் டாக்டர் மோல்ஸ்வொர்த்தும் நம்மவரான பி. எஸ். நாராயணஸ்வாமியும். சுங்கை பூலோவைப் பற்றி எழுதும் பலர் இந்த இரண்டாவது பெயரை விட்டுவிடுகிறார்கள். நான் விடுவதாக இல்லை.

டாப்சோன் கிருமியைக் கொன்றது. விரல் திரும்ப முளைக்கவில்லை.

விரல் எப்படிப் போகிறது என்பதற்கு அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஒரே பதில்: அழுகி உதிர்ந்துவிடும். நோயாளிகளே அப்படித்தான் நம்பினார்கள். இதை உடைத்தவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்த டாக்டர் பால் பிராண்ட். துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்தபோது, நோஞ்சான் சிறுவன் ஒருவன் வந்து சாவியை ஒரே திருகலில் திருப்பினான். பிராண்ட் அவன் கையைப் பிடித்துப் பார்த்தார். சாவி அவன் விரலை எலும்பு தெரியும்வரை அறுத்திருந்தது, அவன் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னொரு நோயாளிக்கு இரவில் படுக்கப்போகும்போது இருந்த விரல் காலையில் காணாமல் போயிற்று. விழித்திருந்து காவல் காத்தார்கள். எலி வந்து தின்றது. ஆள் எழுந்திருக்கவே இல்லை. அதன்பின் வேலூரிலிருந்து வீட்டுக்குப் போகும் நோயாளிகளுக்கு மருந்தோடு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள். சிரிக்கத் தோன்றும். எனக்கும் முதலில் தோன்றியது.

ஆக, விரலைத் தின்றது கிருமி இல்லை. வலி இல்லாமைதான் என்று பிராண்ட் நிறுவினார். 1948இல் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றும் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கினார். அது உலகமெங்கும் போனது.

வேலூர் பதிலோடு கதை முடிந்திருந்தால் எழுதுகிறவனுக்குச் சௌகரியம். முடியவில்லை. அதே வேலூர் வட்டாரத்தில் நோய்க்குறியியல் பார்த்த டாக்டர் சி. கே. ஜோப், தொழுநோயாளிகளின் எலும்பைச் சீவி நுண்ணோக்கியில் வைத்து, 1963இல் ஒரு கட்டுரை எழுதினார். கிருமி எலும்புக்குள்ளேயே, அதன் நடுவில் இருக்கும் மஜ்ஜைக்குள்ளேயே குடியிருந்ததை அதில் காட்டினார். டென்மார்க்கில் மோலர் கிறிஸ்டென்சன் என்ற மருத்துவர் 1948 முதல் ஒரு பழைய தொழுநோய் இல்லத்தின் இடுகாட்டைத் தோண்டி, நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகளைத் துடைத்து அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவர் கண்டது, மூக்கின் அடியில் இருக்கும் சின்ன முள்ளெலும்பும் மேல்வரிசை முன்பற்களைத் தாங்கும் எலும்பும் கரைந்து போயிருப்பதை. சாவி திருகியோ எலி கடித்தோ மூக்கெலும்பு கரையாது.

காயம் ஒரு காரணம். காயம் மட்டுமே காரணம் இல்லை. காயம்படாத எலும்பும் இளைக்கிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும்கூட.

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு. வரலாற்றின் மீதான குறை. கை, கால், மூக்கு ஆகியவை கண்ணுக்குத் தெரிபவை. அவற்றைப் படம் எடுத்தார்கள், அளந்தார்கள், திருத்தினார்கள். இடுப்பு தெரிவதில்லை. முதுகு கொஞ்சம் கூனினால் வயசு என்பார்கள். கிருமியைக் கொல்வது ஒரு இலாகா, கையைத் திருத்துவது ஒரு இலாகா. உடம்பு முழுக்க எலும்பு மெலிவது எந்த இலாகாவுக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. ஜப்பானின் தொழுநோய் இல்லங்களில் முதுமையடைந்த ஆண்களை 1990களின் இறுதியில் சோதித்தபோதுதான் இது சரியாக வெளிப்பட்டது. அவர்களில் பலருக்கு எலும்பு மெலிவு நோய் இருந்தது. ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. காரணம் எளிது. தொழுநோய்க் கிருமிக்குக் குளிர்ந்த இடம்தான் பிடிக்கும். மூக்கு, காதுமடல், விரல், ஆண்களின் விதை என்று உடம்பில் சூடு குறைந்த இடமாகப் பார்த்து அது உட்காரும். விதை கெட்டால் ஹார்மோன் போகும். ஹார்மோன் போனால் மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு என்ன நடக்குமோ அதுவே ஆணுக்கும் நடக்கும். டெஸ்டோஸ்டிரோனைத் திரும்பக் கொடுத்தபோது எலும்பின் அடர்த்தி ஏறியதையும் ஜப்பானியர் பதிவு செய்தார்கள். கிருமி செத்துப் பல ஆண்டு கழித்து!

ஹார்மோன் போனால் எலும்பு ஏன் மெலிய வேண்டும்? இதற்கு மஜ்ஜைக்குள் இறங்க வேண்டும்.

மஜ்ஜை என்றால் பலருக்கு ஆஸ்பத்திரி வார்த்தை. நல்லி எலும்பு என்றால் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டு நல்லியை உறிஞ்சும்போது வாய்க்கு வருவது என்ன? பெரும்பாலும் கொழுப்பு. இதுதான் விஷயமே. பிறந்த குழந்தையின் எலும்பெல்லாம் சிவப்பு மஜ்ஜை, ரத்தம் ஊறும் இடம். வயது ஏற ஏற கைகால் எலும்புகளில் அது பின்வாங்கி மஞ்சள் கொழுப்பு குடியேறும். முதுகெலும்பு, இடுப்பு, மார்பெலும்பு ஆகியவற்றில் சிவப்பு தங்கி நிற்கும். அங்கேயும் கொழுப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும்.

எலும்பு செத்த பொருள் இல்லை. உள்ளே ஒரு கூட்டம் இடித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு கூட்டம் கட்டிக்கொண்டே இருக்கும். வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆண்டுக்கு ஒருமுறை இப்படிப் புதிதாகிறது. இடிக்கும் செல்லும் கட்டும் செல்லும் இரண்டுமே மஜ்ஜையில்தான் பிறக்கின்றன. ஆனால் வேறு வேறு குடும்பம். இடிப்பது, ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லின் வழி வந்த பிள்ளை. கட்டுவது, மஜ்ஜைக்குத் தாங்கலாக நிற்கும் இன்னொரு வகை ஸ்டெம் செல்லின் பிள்ளை. இந்த இரண்டாவதைக் கண்டுபிடித்த பெருமை அலெக்சாண்டர் ஃபிரீடன்ஸ்டைன் என்ற ரஷ்யருக்கு. மாஸ்கோவில் 1960களின் நடுவிலிருந்து அவர் செய்தது எளிய வேலை. மஜ்ஜையைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தார். ரத்தச் செல்கள் மிதந்தன. ஒரு சில செல்கள் மட்டும் அடியில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டன. அவற்றிலிருந்து வளர்ந்தவற்றை விலங்கின் உடம்பில் வேறொரு இடத்தில் வைத்தபோது, எலும்பே இருக்கக்கூடாத அந்த இடத்தில் எலும்பு முளைத்தது. மஜ்ஜையில் 10,000 முதல் 1,00,000 செல்லுக்கு ஒன்றுதான் இந்த ஜாதி. 1991இல் ஆர்னால்ட் கேப்லன் என்ற அமெரிக்கர் இதற்கு 'மீசென்கைமல் ஸ்டெம் செல்' என்று பெயர் வைத்தார். ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்பார்கள். சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு. மூங்கில் ஊரைப் பற்றி எழுதுகிறவனுக்குக் குருத்தணு என்ற சொல் பிடித்துப்போவதில் வியப்பில்லை.

இந்தக் குருத்தணுவுக்கு ஒரு குணம் உண்டு. கொத்தனார் வீட்டில் பிறந்த பிள்ளை மாதிரி. அப்பன் தொழிலுக்கும் போகும், எண்ணெய்க்கடை வைத்து உட்கார்ந்தும் விடும். எலும்பு கட்டும் செல்லாகவும் ஆகலாம், கொழுப்புச் செல்லாகவும் ஆகலாம். உள்ளே இரண்டு சாவி. ரன்க்ஸ்-2 என்ற சாவி திரும்பினால் எலும்பு, பிபிஏஆர்-காமா என்ற சாவி திரும்பினால் கொழுப்பு. ஒன்று திரும்பினால் மற்றது பூட்டிக்கொள்ளும். 1971இல் லியோன் நகரத்து மருத்துவர் பியர் மெனியே, எலும்பு மெலிந்தவர்களின் இடுப்பிலிருந்து எடுத்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, எலும்பு குறைந்த அளவுக்கு மஜ்ஜையில் கொழுப்பு ஏறியிருக்கிறது என்று எழுதினார். அந்தக் காலத்தில் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர் குறைவு. எலும்பு மெலிவு என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு, பால் குடி என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மெனியே சொன்னதன் பொருள் வேறு: கொத்து வேலைக்கு ஆள் வரவில்லை, எல்லாரும் எண்ணெய்க்கடைக்குப் போய்விட்டார்கள்.

முதுமை, ஹார்மோன் குறைவு, படுத்த படுக்கை ஆகிய மூன்றும் குருத்தணுவைக் கொழுப்புப் பக்கம் தள்ளுகின்றன. நான்காவது ஒன்றும் உண்டு. அது சுங்கை பூலோவின் சொந்தக் கதை.

1950களின் இறுதியில் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு சுங்கை பூலோவில் ஒரு தொழுநோய் ஆய்வுப் பிரிவு உருவானது. லண்டன் மில்ஹில்லில் இருந்த டாக்டர் ரீஸ், இங்கே இருந்த டாக்டர்கள் பெட்டிட், வாட்டர்ஸ் ஆகியோரின் பெயர்கள் உலகத் தொழுநோய் வரலாற்றில் நிலைத்தவை. டாப்சோனுக்கு மசியாத கிருமி உருவாகிவிட்டது என்பதை இங்கத்து நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியைச் சுண்டெலியின் பாதத்தில் வளர்த்து, 1964இல் உலகுக்கு நிரூபித்தார்கள். கிளோஃபாசிமைன், ரிஃபாம்பிசின் ஆகிய மருந்துகளின் தொடக்கச் சோதனைக்களங்களில் இதுவும் ஒன்று. பத்தாண்டு டாப்சோன் சாப்பிட்ட பிறகும் சிலர் உடம்பில் உயிருள்ள கிருமி மிச்சமிருப்பதை 1974இல் காட்டியதும் இங்கேதான். இன்று உலகம் முழுதும் இலவசமாகக் கொடுக்கப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சைக்குப் பின்னால் சுங்கை பூலோ நோயாளிகளின் தோலும் நரம்பும் இருக்கின்றன.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. கிருமி சாகும்போது சிலருக்கு உடம்பே கொந்தளிக்கும். சிவந்த கட்டிகள், காய்ச்சல், நரம்பு வலி என்று மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். அதை அடக்க அன்று கையில் இருந்த பெரிய ஆயுதம் ஸ்டீராய்டு. அடக்கும்; ஆனால் விட முடியாது. நிறுத்தினால் கொந்தளிப்பு திரும்பும். அப்படி நீண்ட காலம் ஸ்டீராய்டு சாப்பிடும் உடம்பின் மஜ்ஜையில் நடப்பது இன்று தெரியும். குருத்தணு கொழுப்பாக மாறுகிறது, கட்டும் செல்கள் சீக்கிரம் சாகின்றன, இடிப்பவை ஆயுள் நீண்டு இடித்துக்கொண்டே இருக்கின்றன. மூன்று பக்கமும் அடி.

1960களின் நடுவில் ஜெருசலேமில் டாக்டர் ஷெஸ்கின் என்பவர் இந்தக் கொந்தளிப்புக்குத் தாலிடோமைடு கொடுத்து, அது ஒன்றிரண்டு நாளில் அடங்குவதைக் கண்டார். கைகால் இல்லாத குழந்தைகள் பிறக்கக் காரணமாகி உலகமே சபித்த அதே மாத்திரை. வாட்டர்ஸ் சுங்கை பூலோவில் அதை முறையாகச் சோதித்து 1971இல் வெளியிட்டார். ஒரே நோயாளிக்கு ஒரு காலம் தாலிடோமைடு, ஒரு காலம் வெறும் மாவு மாத்திரை. எது எப்போது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, சாப்பிடுபவருக்கும் தெரியாது. தாலிடோமைடு சாப்பிட்ட காலத்தில் ஸ்டீராய்டு தேவை குறைந்தது. மெனியே லியோனில் எழுதிய அதே 1971. ஒருவர் மஜ்ஜையில் கொழுப்பைக் கண்டார். இன்னொருவர், அந்தக் கொழுப்பை ஏற்றும் மருந்தைக் குறைக்க வழி கண்டார். இருவருக்கும் இடையே கடிதம் போனதாகக் கதை கட்ட மாட்டேன். எலும்பைக் காப்பாற்றுகிறோம் என்று வாட்டர்ஸ் நினைத்திருக்க வேண்டியதில்லை, காப்பாற்றியிருப்பார்.

ஸ்டீராய்டு என்றதும் கிள்ளானில் இருந்த என் சின்னம்மா நினைவுக்கு வருகிறார். முழங்கால் வலிக்குப் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ஒருவரிடம் பெயரில்லாத மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். "ஒரே நாள்ல ஓடிப் போச்சுடா வலி. பெரியாஸ்பத்திரி மருந்தெல்லாம் இதுகிட்ட நிக்குமா?" என்றார். ஆறு மாதத்தில் முகம் நிலா மாதிரி உருண்டது. "பாரு, சதை புடிச்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டார். இரண்டாம் வருடம் குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்தது. ஜாமு, வேர்மருந்து என்ற பெயரில் விற்கும் பதிவு செய்யாத மாத்திரைகளில் டெக்சாமெத்தசோன் கலந்திருப்பதை மலேசிய மருந்து ஒழுங்குமுறைத் துறை அடிக்கடி கண்டுபிடித்து எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறது. மலேசியாவில் ஐம்பது வயதைக் கடந்த ஒரு லட்சம் பேரில் 90 பேருக்கு இடுப்பு முறிந்ததாக 1997ஆம் ஆண்டுக் கணக்கு சொன்னது. அதில் எத்தனை பேர் வீட்டு அலமாரியில் பெயரில்லாத டப்பா இருந்தது என்று யாரும் எண்ணவில்லை.

இன்னொன்றும் நம் வீடுகளுக்குச் சொந்தமானது. இனிப்புநீருக்குக் கொடுத்த ரோசிகிளிட்டசோன் என்ற மாத்திரை, நான் மேலே சொன்ன பிபிஏஆர்-காமா சாவியைத்தான் திருப்பும். சர்க்கரை இறங்கியது. 2006, 2007இல் பார்த்தால் அதைச் சாப்பிட்ட பெண்களுக்கு எலும்பு முறிவு கூடியிருந்தது. ஆய்வுக்கூடத்துச் சாவி மனித உடம்பிலும் அதே கதவைத்தான் திறக்கிறது என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டாம்.

சரி, டிரெஸ்ஸரின் ஊசிக்குத் திரும்புவோம். குத்தியும் வலிக்காத இடம்.

வலி போனால் காயம் வரும், காயத்தால் எலும்பு போகும் என்றார் பிராண்ட். அது உண்மை. ஆனால் காயமே படாமல் இருந்தாலும், வலியும் தொடுகையும் தெரியாத இடத்தில் எலும்பு மெலியுமா? பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2019இல் சுண்டெலிகளிடம் இதைச் சோதித்தார்கள். எலும்புக்குள் ஓடும் உணர்வு நரம்பு வெறும் வலிக்கம்பி இல்லை. எலும்பு மெலியத் தொடங்கும்போது கட்டும் செல்கள் ஒரு ரசாயனத்தைக் கூடுதலாகச் சுரக்கின்றன. உணர்வு நரம்பு அதை மோப்பம் பிடித்து மூளைக்குச் சேதி அனுப்புகிறது. மூளை பதிலுக்குக் கட்டுமானத்துக்கு வழிவிடுகிறது. அந்த நரம்பை அறுத்துவிட்டால் சேதி போகாது, கட்டுமானம் குறையும். அடுத்த ஆண்டே அதே வட்டாரத்திலிருந்து இன்னொரு முடிவு: உணர்வு நரம்பு இல்லாத எலியின் மஜ்ஜையில் குருத்தணு எலும்பை விட்டுக் கொழுப்பின் பக்கம் சாய்கிறது.

இதைப் படித்த அன்று எனக்கு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. தொழுநோய் என்பதே உணர்வு நரம்பின் நோய். உலகத்திலேயே உணர்வு நரம்பு அறுந்த மனிதர்கள் இவ்வளவு பேர் ஒரே இடத்தில், பல பத்தாண்டுகள், மருத்துவர்களின் கண் முன்னால் வாழ்ந்தது சுங்கை பூலோ போன்ற சில இடங்களில்தான். எலியிடம் பால்டிமோர் கேட்ட கேள்வி அந்த எக்ஸ்ரே படங்களில் எழுபது ஆண்டாக எழுதியிருந்திருக்கலாம். எலிக்கு நடந்தது மனிதருக்கும் அப்படியே நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. கிருமி, காயம், ஹார்மோன், ஸ்டீராய்டு, அசையாமை, நரம்பு என்று இத்தனையும் கலந்த உடம்பில் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஆனால் சூப்பிய மிட்டாய்க்குக் காரணம் ஒன்றே ஒன்று என்று இனி யாரும் எழுத முடியாது.

கிருமியின் தந்திரம் இத்தோடு நிற்கவில்லை. 2013இல் எடின்பரோவில் நடந்த ஓர் ஆய்வு தொழுநோய்க் கிருமியின் இன்னொரு வேலையைக் காட்டியது. நரம்பைப் போர்த்தியிருக்கும் ஷ்வான் செல்லுக்குள் புகுந்த கிருமி, அந்தச் செல்லின் அடையாளத்தையே அழித்து, அதை மீசென்கைமல் குருத்தணு போன்ற ஒன்றாக மாற்றிவிடுகிறது. எலிச்செல்களில் பார்த்தது. அப்படி மாறிய செல் கிருமியைச் சுமந்துகொண்டு நடந்து, தசையாக வேடம் போட்டு, வேறு திசுவில் புகுந்துவிடும். ஜப்பான் விஞ்ஞானி யமனாகா நான்கு மரபணுக்களைச் செலுத்தி வளர்ந்த செல்லைக் குருத்தணுவாக்கி 2012இல் நோபல் பரிசு வாங்கினார். அந்த வித்தையின் ஒரு சாயலை இந்தக் கிருமி பரிசு எதுவும் கேட்காமல் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் குருத்தணுவை ஊசியில் ஏற்றி எலும்பை நிரப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். கோலாலம்பூரில் அப்படி விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான வெள்ளி. மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை இங்கே புதிதில்லை. பெட்டாலிங் ஜெயா எல்லையில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1987இலேயே குழந்தைகளுக்குத் தொடங்கியது. ஆனால் அது ரத்தநோய்க்கு. எலும்புக்காக மஜ்ஜை மாற்றிய ஓர் ஆய்வு 1999இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரிலிருந்து வெளியானது. பிறவியிலேயே எலும்பு நொறுங்கும் குழந்தைகள் சிலருக்கு. கொஞ்சம் வளர்ந்தார்கள், ஏறிய பலன் நாளாக ஆகக் குறைந்தது. வயதானவர்களின் எலும்பு மெலிவுக்கு இன்றுவரை அங்கீகாரம் பெற்ற குருத்தணு ஊசி எதுவும் கிடையாது. ஏனென்றால் பிரச்சினை ஆள் பற்றாக்குறை மட்டும் இல்லை. புதிய கொத்தனாரைக் கொண்டுபோய் விட்டாலும், கொழுப்பேறிய அதே ஊரில்தான் விடுகிறோம். அவனும் எண்ணெய்க்கடைக்குப் போய்விடுவான். இன்று கையில் உள்ள நல்ல மருந்துகள் வேறு வழியில் வேலை செய்கின்றன. அலெண்ட்ரோனேட்டும் டெனோசுமாபும் இடிப்பவனைத் தடுக்கின்றன. டெரிபாரடைடு கட்டுபவனைத் தூண்டுகிறது. நடையும் சுமை தூக்கலும் குருத்தணுவை எலும்புப் பக்கம் திருப்பக்கூடும். அதற்கு வெள்ளி செலவில்லை.

சுங்கை பூலோ 1969இல் தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டு மையமானது. நோயாளிகள் குணமானார்கள்; பலருக்குப் போக வீடு இல்லை. வீட்டைச் சுற்றி இருந்த மண்ணில் பூச்செடி வளர்த்து விற்றார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் தீபாவளிக்கு முன் ரோஜாவும் மல்லிகைப் பதியனும் வாங்கப் போகாதவர்கள் குறைவு. பூத்தொட்டியை மடங்கிய விரலால் அணைத்துத் தூக்கி உங்கள் கார் பின்பெட்டியில் வைத்த பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூக்கல்தான் அவர்கள் எலும்புக்குக் கிடைத்த ஒரே மருந்தாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. 2006இல் பக்கத்திலேயே சுங்கை பூலோ மருத்துவமனை திறந்தது. 2007இல் கிழக்குப் பகுதி வீடுகளை இடித்து மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்துக்கு இடம் எடுத்தார்கள். மிச்சம் இருப்பது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. மருத்துவ வளாகத்தில் இன்று எலும்பையும் மஜ்ஜையையும் படிக்கும் மாணவர்கள் நடக்கும் நடைபாதைக்கு அடியில் பழைய வீடுகளின் அடித்தளம் கிடக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் தாத்தாவோ பாட்டியோ சுங்கை பூலோவில் இருந்தவர் என்றால் வீட்டில் சொல்லாமலே மறைத்திருப்பார்கள். பரண்மேல் பழைய எக்ஸ்ரே படம், மருந்துச் சீட்டு, தேதி போட்ட கார்டு ஏதாவது கிடந்தால் எரித்துவிடாதீர்கள். பெயரை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஒரு பல்கலைக்கழகத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுங்கள். அந்தப் படங்களை இன்னும் யாரும் இந்தக் கண்ணோடு பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த இதழில்: ஜப்பானியர் காலத்தில் குடியிருப்புக்குள் அரிசி தீர்ந்த கதை.